பாபுவுக்குக் கதவு திறந்த நாள்

கடலூர் செம்மண்டலத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். இளவரசு என்றால் ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். அப்படிப்பட்டவனை என் அக்கா மாலதி ஒரு குரங்குக்குத் தாய்மாமன் ஆக்கிவிட்டாள். சிதம்பரத்தில் அவள் வீட்டுக்கு எப்போது போனாலும், "பாபு, மாமா வந்திருக்காரு பாரு, வணக்கம் சொல்லு" என்பாள். அந்தக் கழுதை எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிப் பல்லைக் காட்டும். சிரிக்கிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா புருஷன் கலியமூர்த்தி மாமா மாரடைப்பில் தவறிப்போன கொஞ்ச நாளில் அந்தக் குட்டி வந்து சேர்ந்தது. கரண்ட் கம்பியில் அடிபட்டு விழுந்த தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்ததாம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. புட்டிப்பால் கொடுத்து, சட்டை தைத்துப் போட்டு, பவுடர் பூசி, தான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் மேசை மேல் உட்கார வைத்துக்கொண்டாள். மாமா போனதிலிருந்து வாயே திறக்காதவள் அதனோடு நாள் முழுக்கப் பேசினாள். அதைப் பார்த்துத்தான் நான் பொறுத்துக்கொண்டேன்.

குட்டி எத்தனை நாளைக்குக் குட்டியாகவே இருக்கும்? வளர்ந்தது. பேப்பரைக் கிழித்தது, கடைக்கு வந்தவர்களின் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. அக்கா ஒரு நாய்க்கூண்டு வாங்கிக் கடைக்குப் பின்னால் போட்டு அதில் அடைத்தாள். அதற்குள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. தலையை ஆட்டிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திரும்பும். அப்புறம் தன் இடது முன்கையைத் தானே கடிக்க ஆரம்பித்தது. மருந்து போட்டுக் கட்டினால் கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கடித்தது. கடைசியில் ஜெராக்ஸ் எடுக்க வந்த காலேஜ் மாணவன் பிஸ்கட் நீட்டப்போய், அவன் விரலைப் பதம் பார்த்துவிட்டது. வனத்துறை ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்கா போன் பண்ண, நானும் சிதம்பரத்துக்கு ஓடினேன்.

அவர்களோடு வந்தவர்தான் டாக்டர் தஸ்னீம். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற வழியில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு டிரஸ்ட் நடத்துகிற விலங்குகள் காப்பகத்தில் மருத்துவர். சின்ன வயதுதான், ஆனால் குரல் போலீஸ்காரி குரல். வீட்டில் குரங்கு வைத்திருப்பது குற்றம்; அக்கா மேல் கேஸ் வராமல் அவர்தான் பேசி முடித்தார். ஆனால் பாபு விஷயத்தில் கறாராக இருந்தார். காட்டில் விட்டால் மனுஷனைத் தேடி ரோட்டுக்கு வந்து அடிபட்டுச் சாகும், தனியாக வைத்தால் கையைக் கடித்துக் கடித்தே செத்துப்போகும், தன் இனத்தோடு இருந்தால்தான் பிழைக்கும் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பாபு சந்தோஷமாகத்தான் இருக்கிறான், எப்படிச் சிரிக்கிறான் பாருங்கள் என்று கூண்டைக் காட்டினாள்.

"அது சிரிப்பு இல்லக்கா," என்றார் தஸ்னீம். "பயந்தா இதுங்க அப்படித்தான் பல்லக் காட்டும்."

அக்கா முகம் செத்துப்போயிற்று. அந்தச் சிரிப்பை நம்பித்தானே அவள் இத்தனை வருஷம் ஓட்டினாள். உண்மையாகவே இருக்கட்டும், இப்படியா பட்டென்று போட்டு உடைப்பது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக யாரோ ஒரு ஆளோடு சும்மா சண்டை போட்டேன்.

காப்பகத்தில் ஏற்கெனவே இரண்டு குரங்குகள் இருந்தன. ஒரு குரங்காட்டியிடமிருந்து மீட்ட பெரிய ஆண் ஒன்று, பெயர் ஆண்டி. இன்னொன்று ராசம்மா என்ற கிழவி. அவை இருந்த கூண்டு சின்னது, பாபுவும் சேர்ந்தால் தாங்காது. புதுக்கூண்டு கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. அக்கா கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற நாக்கு எனக்குக் கிடையாது.

நான் முதலில் வரைந்து காட்டியதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். வராண்டா கிரில் மாதிரி இருக்கிறதாம். உயரம் வேண்டும் என்றார். மேலே உட்கார்ந்து மனிதர்களைக் குனிந்து பார்த்தால்தான் குரங்குக்குப் பயம் தெளியுமாம். முட்டிக்கொண்டு நிற்கிற மூலை எங்கேயும் இருக்கக் கூடாது, ஒன்று துரத்தினால் இன்னொன்று ஓட இரண்டு பக்கமும் வழி வேண்டும், ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் ஒதுங்க நடுவில் தடுப்பு வேண்டும். மரக்கிளை, டயர், கயிறு, உயரத்தில் படுக்கப் பலகை. வெல்ட் வைத்த இடத்தையெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, துளி முள் இருந்தால்கூட மறுபடி கிரைண்டர் போடச் சொன்னார். குரங்குக்கு இவ்வளவு ரோதனையா என்று திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, என் கையால் இதைவிட நல்ல வேலை நடந்ததில்லை என்றுதான் தோன்றியது.

பெரிய கூண்டை ஒட்டி ஒரு சின்ன அறை. நடுவில் கம்பி வலையும், கம்பியை இழுத்தால் மேலே போகிற ஒரு தூக்குக் கதவும். பாபுவைச் சில வாரங்கள் அந்த அறையில் வைத்தார்கள். வாசனையும் முகமும் பழக வேண்டுமாம். ராசம்மா வலையோரம் வந்து உட்கார்ந்து உதட்டைச் சப்புக்கொட்டும், அது சிநேகமாம். ஆண்டி தூரத்திலிருந்து முறைக்கும். பாபு இரண்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அக்கா எப்போது வருவாள் என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கதவைத் திறக்க நாள் குறித்தபோது தஸ்னீம் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மொத நாளே ரத்தக்களறி ஆச்சுன்னா ஆண்டி அப்புறம் இவன சேத்துக்க மாட்டான். ஆயுசுக்கும் தனிக் கூண்டுதான். அந்தக் கையும் மிஞ்சாது. இன்ஷா அல்லாஹ், நல்லபடியா நடக்கும். ஆனா நீங்க ரெண்டு பேரும் குறுக்க வரக் கூடாது."

அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் வேறு மாதிரி பேசினாள். சரிப்படாமல் போனால் பாபுவை எப்படியாவது சிதம்பரத்துக்கே கொண்டுபோய்விடுவேன், கடையை மூடிவிட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்றாள். சரிப்பட வேண்டும் என்று சாமி கும்பிடுகிறாளா, சரிப்படக் கூடாது என்று கும்பிடுகிறாளா என்றே எனக்குப் புரியவில்லை.

அன்றைக்குக் கல்யாண வீட்டுக்கு வருகிறவள் போலத் தலை நிறையப் பூவோடு வந்தாள். கதவு திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பாபுவோடு இருக்கட்டுமா என்று கெஞ்சினாள். தஸ்னீம் யோசித்தார், அப்புறம் விட்டார். அக்கா அந்தச் சின்ன அறைக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.

தஸ்னீம் ஒரு கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியை இழுத்தார். கதவு மேலே போயிற்று. பாபு அசையவில்லை. வெளியே நின்ற அக்காவையே பார்த்தது. அக்கா போ, போ என்று கையை ஆட்டினாள். அவள் கை போ என்றது, முகம் வா என்றது. கடைசியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பெரிய கூண்டுக்குள் வந்தது. தலைக்கு மேலே அவ்வளவு இடத்தை அது கண்டதே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது.

ஆண்டி பலகையிலிருந்து இறங்கியது. அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. பாபு பின்பக்கத்தைத் திருப்பிக் குனிந்தால் போதும், நீ பெரியவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆண்டி விட்டுவிடுவான் என்று தஸ்னீம் முணுமுணுத்தார். குனிடா, குனிடா என்று அவர் உதடு சொல்லிக்கொண்டே இருந்தது. பாபுவுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? பெரியவர்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அக்கா பழக்கினாளோ அதைத்தான் செய்தது. இரண்டு காலில் நிமிர்ந்து நின்று, ஆண்டியின் கண்ணை நேராகப் பார்த்து, கையைக் கூப்பி வணக்கம் சொன்னது.

நிமிர்ந்து நின்று கண்ணைப் பார்த்தால், குரங்குகளுக்குள் அது சண்டைக்கு வா என்கிற பேச்சாம். ஆண்டி பாய்ந்தது.

பாபு கத்திய கத்தலில் கரும்புக் கொல்லையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அது ஓடியது. தடுப்பைச் சுற்றி, கிளையில் ஏறி, பலகையிலிருந்து பலகைக்குத் தாவி ஓடியது. நான் விட்டிருந்த வழிகள் எல்லாம் அதற்கு உதவின. மூலை இல்லை, முட்டவில்லை. ஓடு, ஓடு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டிக்கு மூச்சு வாங்கியது. இப்படியே இன்னும் இரண்டு சுற்று ஓடினால் சலித்துப்போய் விட்டுவிடுவான் என்று தஸ்னீம் சொல்லி வாய் மூடவில்லை, பாபு மேலே டயர் தொங்குகிற கொக்கியைத் தாண்டிக் குதித்தது. குதித்தது கீழே வரவில்லை. இடுப்பை ஏதோ பிடித்து இழுத்தது போல நடுவானத்தில் நின்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு துடித்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கொக்கியில் முள் இல்லை, அதை டாக்டரம்மாவே தடவிப் பார்த்திருக்கிறார்.

"அரைஞாண்," என்றாள் அக்கா. குரலே எழும்பவில்லை. "காளி கோயில்ல மந்திரிச்சி வாங்கியாந்து இப்பதான் கட்டுனேன்."

ஆண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும்போது அரைஞாண் இல்லாமல் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கறுப்பு நைலான் கயிறு, தாயத்தோடு. ரோமத்துக்குள் மறைந்து யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் கயிறுதான் கொக்கியில் மாட்டிக்கொண்டது. நைலான் அறுந்து தொலைக்குமா? துடிக்கத் துடிக்க இறுகியது. ஆண்டி ஏறிப்போய்க் காலைக் கவ்வியது. தஸ்னீம் தண்ணீரை அதன் முகத்தில் பீய்ச்சினார். இறங்கும், மறுபடி ஏறும். தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டால் முடிந்தது கதை என்று சொன்னார்.

நான் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கட்டிங் பிளையர் எப்போதும் என் பின்பாக்கெட்டில் இருக்கும். கூண்டின் மேல்பக்கம் பாதி தகரம், பாதி கம்பி வலை. வலையின் மேல் குப்புறப் படுத்துத் தவழ்ந்து கொக்கிக்கு நேராகப் போனேன். வலைக்கண்ணில் என் கை நுழையாது, பிளையரின் மூக்கும் விரல் நுனியும்தான் நுழைந்தன. நுழைத்ததுமே பாபு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடித்தது. என் விரலையும் சேர்த்துத்தான். விடுடா நாயே என்று கத்தினேன். கத்தக் கத்த இன்னும் இறுக்கிப் பிடித்தது. அதன் கண்ணை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. இப்போது எனக்குத் தெரியும், அது சிரிப்பு இல்லை.

அப்போதுதான் கீழேயிருந்து அக்கா பேசினாள். கத்தவில்லை. சாயங்காலம் கடையை மூடிவிட்டு அதற்குச் சாதம் ஊட்டும்போது பேசுகிற குரல்.

"பாபு. மாமாதான்டா. மாமா ஒன்னும் பண்ண மாட்டாரு. சும்மா இரு சாமி."

துடிப்பு நின்றது. பிளையரை விட்டுவிட்டு அவன் கையிரண்டும் தொங்கின. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் பிளையரின் மூக்கை மெல்ல நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு நறுக்கினேன். அவன் கீழே பலகையில் போய் விழுந்தான்.

நான் இறங்கி வந்தபோது பாபு வலையில் ஒட்டிக்கொண்டு நின்றான். வலைக்கு வெளியே நீண்ட கை அக்காவின் முந்தானையைப் பிடித்திருந்தது. பின்னங்காலில் ரத்தம். அவனுக்கு மேலே ஏற எவ்வளவோ இடம் இருந்தது, போகவில்லை. ஆண்டி வந்து முதுகில் ஓங்கி அறைந்துவிட்டுப் போயிற்று. அப்போதும் வலையை விடவில்லை. மறுபடி வந்து அறைந்தது.

"நீங்க இங்க நிக்கிற வரைக்கும் அவன் இந்த எடத்த விட மாட்டான்க்கா," என்றார் தஸ்னீம். போலீஸ்காரி குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "விடலன்னா ஆண்டி அடிச்சே கொன்னுடுவான். நீங்க கெளம்பணும். அவன் கண்ணுல படாம ரொம்ப நாள் இருக்கணும்."

அக்கா தலையை வேகமாக ஆட்டினாள். முடியாது, கதவைத் திறங்கள், என் பிள்ளையை நான் கொண்டுபோகிறேன், எனக்கு இந்த வேதனை போதும் என்றாள். தஸ்னீம் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"எங்க கொண்டுபோவ? அந்த நாய்க்கூண்டுக்கா? அவன் கையத் தின்னு முடிக்கறத பக்கத்துல உக்காந்து பாக்கணும்னா கொண்டுபோ. உனக்குத் தொணை வேணும்னா வாயத் தொறந்து அதச் சொல்லு. அவனுக்காகன்னு சொல்லாத."

கூடப் பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா அது? சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா வலைப்பக்கம் திரும்பி, முந்தானையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவன் மறுபடி பிடித்தான். மறுபடி எடுத்துவிட்டாள். பிறகு விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் அவன் கத்திய கத்தலுக்கு ஒரு தடவைகூட அவள் திரும்பவில்லை.

ரோட்டோரம் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மில்லைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் கூண்டுச் சத்தம் கேட்கவில்லை. என் விரலிலிருந்து வடிந்த ரத்தத்தை அவள் தன் கைக்குட்டையால் கட்டினாள். ஊசி போட்டுக்கொள்ளடா என்றாள். வெயில் சாய்கிற நேரத்தில் என் சட்டையைப் பிடித்தாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா இளா. நான் இங்கயே இருக்கேன்."

போனேன். கூண்டு அமைதியாக இருந்தது. ஆண்டி உயரப் பலகையில் படுத்திருந்தது. தஸ்னீம் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துப்பட்டா எல்லாம் ஈரம். வாயில் விரலை வைத்து, பேசாமல் பார் என்று காட்டினார். ராசம்மா கிழவி பாபுவின் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகு ரோமத்தைப் பிரித்துப் பிரித்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தம் காய்ந்த காலை நக்கிக் கொடுத்தது. அவன் கையைக் கடிக்கவில்லை. ஆண்டி இரண்டு தடவை பக்கத்தில் வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்றாம். பிழைத்துக்கொண்டான் என்று தஸ்னீம் மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

ஆனால் பாபு இன்னும் அதே வலையோரம்தான் உட்கார்ந்திருந்தான். முகம் கேட்டைப் பார்த்து இருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் ஒரே ஒரு குரல் கொடுத்தான், குட்டியாக இருந்தபோது கொடுப்பானே, அந்தக் குரல். கிழவி அவனை மெல்ல இழுத்து உட்கார வைத்தது. நான் திரும்பி நடந்தேன்.

மரத்தடியில் அக்கா எழுந்து நின்றாள். உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவில்லை. சாப்பிட்டானா என்றும் கேட்கவில்லை.

"என்னத் தேடுறானா?"

தேடுகிறான் என்று நான் சொன்னால் அவள் ஓடுவாள். ஓடினால் அவன் மறுபடி அந்த வலையைப் பிடிப்பான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவார்கள்.

"இல்லக்கா. அந்தக் கிழவிகூடப் போய் ஒட்டிக்கிட்டான். அது பேன் பாக்குது, இவன் சுகமாத் தூங்குறான். என்னயே திரும்பிப் பாக்கல."

"ஒரு வாட்டிகூடத் தேடலயா?"

"ஒரு வாட்டிகூட இல்ல. மறந்துட்டான்க்கா."

அவள் தலையை ஆட்டினாள். பைக்கை எடுத்தேன். சிதம்பரம் பஸ் ஏற்றிவிடக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை விட்டேன். பின்னால் உட்கார்ந்தவள் என் தோளில் கை வைத்திருந்தாள். செம்மண்டலம் தாண்டும்போது, அந்தக் கை என் தோளை இறுக்கியது.

"இளா, நான் இனிமே உன்ன தெனம் கேப்பேன். போன்ல கேப்பேன், நேர்ல பாத்தாலும் கேப்பேன்," என்றாள். காற்றில் அவள் குரல் உடைந்து உடைந்து கேட்டது. "எப்பக் கேட்டாலும் இதயே சொல்லுடா."

சரிக்கா என்றேன்.